வெண்கலத்தின் நேரடி அறிவிப்பு

வேன் தெருமுனையில் திரும்புவதற்கு முன்பே வெண்கலத்தின் குரல் தெருவின் கடைசி வீடுவரை போய், கதவைத் தட்டிவிட்டு, திரும்பியும் வந்துவிடும். அப்படியொரு தொண்டை. அவர் ஒருமுறை கனைத்தால் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் ஓடிவந்து அலமாரியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். மெத்தைக் கடைத் தள்ளுபடிக்கு அவர் குரல் கொடுத்த வாரம், ஏற்கனவே மெத்தை இருந்தவர்கள்கூட ஆளுக்கு மூன்று வாங்கி, மேலே மேலே அடுக்கி, மின்விசிறியில் தலை படாமல் ஒருக்களித்துத் தூங்கினார்கள். பெற்றவர்கள் அவருக்கு ஏதோ பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கே சட்டென்று நினைவுக்கு வராது. வெண்கலத் தொண்டை என்று ஆரம்பித்தது தேய்ந்து தேய்ந்து வெண்கலம் என்று நின்றுவிட்டது.

தொழில், தெருத்தெருவாக விளம்பர அறிவிப்பு. சொந்த வேன், கூரைமேல் இரண்டு புனல் ஒலிபெருக்கி, உள்ளே ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு மைக். வீட்டின் பின்னறையில் சுவர் முழுக்கப் பஞ்சு மெத்தையும் பழைய கம்பளியும் ஆணியடித்து ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்தார். வெளிச்சத்தம் உள்ளே வராது, உள்சத்தம் வெளியே போகாது. அங்கே உட்கார்ந்து பதிவு செய்ததை வேனில் ஓடவிட்டால், குரல் பாட்டுக்குக் கூரையில் கத்திக்கொண்டிருக்கும். அவர் பாட்டுக்குக் கீழே கடலை கொறித்துக்கொண்டு வண்டி ஓட்டுவார்.

இந்த முறை வந்த வேலை போதை ஒழிப்பு. குடியிருப்போர் சங்கம் ஏற்பாடு செய்தது. என்ன பேச வேண்டும் என்று சுகாதார நிலையத்து டாக்டரம்மா ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். இப்போது என்னென்ன மாத்திரை கைமாறுகிறது, அது உடம்பில் என்ன செய்யும், அளவு மீறினால் எப்படித் தெரியும், பக்கத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும், விட நினைப்பவர் எங்கே போகலாம். வெண்கலம் அதைப் படித்துவிட்டுக் கொட்டாவி விட்டார்.

"இதென்னம்மா, மாத்திரை டப்பாக்குள்ள மடிச்சு வெச்சிருக்கிற காகிதத்தை வாசிக்கிற மாதிரி இருக்கு. ஒரு இடி வேண்டாமா, மின்னல் வேண்டாமா?" என்றார் மனைவியிடம்.

அந்தம்மா தையல் மெஷினிலிருந்து தலை தூக்காமல், "படிச்சவங்க எழுதினது. அப்படியே வாசிச்சுட்டுப் போங்களேன்" என்றாள்.

"நீ பட்டன் தை. வாய் வேலையை நான் பார்த்துக்கறேன்."

தாள் எங்கேயோ போனது. அதற்குப் பதிலாக வேனில் ஏறியது இதுதான்:

"போதையைத் தொட்டால் அன்றே பைத்தியம். ஒரே மாத்திரை, மூளை சுக்குநூறு. தொட்டவன் மனிதனல்ல, மிருகம். அவனுக்கு இந்த ஊரில் இடமில்லை. காட்டிக் கொடுங்கள். துரத்தி அடிப்போம்."

கடைசி வார்த்தைக்கு மட்டும் எதிரொலி சேர்த்திருந்தார். போம், போம், போம் என்று அது மாடிகளில் மோதிக்கொண்டே போகும். சங்கத் தலைவர் முதல்முறை கேட்டுவிட்டு முழங்கையைத் தூக்கிக் காட்டினார். "மயிர் எல்லாம் எழுந்து நிக்குது பாருய்யா. எனக்கே இனிமே தலைவலி மாத்திரை போடப் பயமா இருக்கு."

வெண்கலத்தின் வீட்டிலேயே ஒருவன் மட்டும் சிரித்தான். அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. மேசை நாற்காலிக்குப் பாலிஷ் போடும் பட்டறையில் வேலை. தலைமுடி வசந்தகாலத்துக் கொடி மாதிரி சுருண்டு சுருண்டு கிடக்கும் என்பதால் சுருள் என்று கூப்பிடுவார்கள். "மாமா, நீங்க பேசறதைக் கேட்டா எனக்கு இன்னும் ரெண்டு சுருள் கூடுது" என்றான். அக்கா அவன் தலையில் தட்டினாள். அவ்வளவுதான்.

சில மாதம் கழித்து ஒருநாள் மத்தியானம் வெண்கலம் இரண்டு தெரு தள்ளிப் போய்க்கொண்டிருந்தபோது மனைவியிடமிருந்து போன் வந்தது. வேலை நேரத்தில் அவள் கூப்பிடவே மாட்டாள். கூப்பிட்டாலும் கூரைச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. இந்த முறை ஒரே ஒரு சொல் கேட்டது: "வாங்க."

வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி உள்ளே ஓடினார். பதிவை நிறுத்த வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

பின்னறைத் தரையில் சுருள் மல்லாந்து கிடந்தான். குறட்டை மாதிரி ஒரு சத்தம், ஆனால் குறட்டை இல்லை. தண்ணீரில் முக்கின குழாய் வழியாகக் காற்றை இழுப்பதுபோல் இருந்தது. ஒன்று வந்தால் அடுத்தது வர வெகுநேரம் பிடித்தது.

"பட்டறையில இருந்து சீக்கிரம் வந்தான். தலை சுத்துது, இங்க படுத்துக்கறேன்னான். நூல்கண்டு எடுக்க வந்தப்போதான் பார்த்தேன். எழுப்பினா எழ மாட்டேங்கறான்ங்க. உதட்டைப் பாருங்க."

உதடு, மைக்கூட்டில் தோய்த்தது போலிருந்தது. சட்டைப் பையைத் தடவினார். மாத்திரை அட்டையின் ஒரு வெறும் மூலை மட்டும் வந்தது. பெயர் இருந்த பக்கம் கிழிந்து போயிருந்தது.

வெண்கலம் முதலில் செய்த காரியம், எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்தியது.

"யாருக்காவது சொன்னியா?"

"இல்ல."

"நல்லது. தண்ணி கொண்டா. மூஞ்சில அடிப்போம். ரெண்டு பேருமா தூக்கிப் பிடிச்சு நடக்க வைப்போம். கொஞ்சம் தூங்கி எழுந்தா தெளிஞ்சிடும்."

"ஏங்க, ஆம்புலன்ஸ் கூப்பிடலாம்ங்க."

"அது ஊளையிட்டுக்கிட்டு வரும். தெருவே எட்டிப் பார்க்கும். என் வீட்டு வாசல்ல என் வேன் என்ன சொல்லிட்டு நிக்குதுன்னு..." அவர் அடைத்த கதவைத் திறந்து காட்டினார். "கேக்குதா?"

'துரத்தி அடிப்போம்' என்றது வேன். போம், போம், போம்.

"கேக்குது" என்றாள் அவள். "நீங்க வர்றதுக்கு முன்னாலயும் கேட்டுச்சு. நீங்க பின்தெருவுல போயிட்டிருந்தீங்க. போனைக் கையில எடுத்தேன். ஆம்புலன்ஸ்காரன் போலீஸ்கிட்ட சொல்வான், போலீஸ் ஊருக்குச் சொல்லும், என் தம்பியைத் துரத்திடுவாங்கன்னு தோணிச்சு. நீங்களே துரத்திடுவீங்கன்னு தோணிச்சு. போனை வெச்சுக்கிட்டு இவன் பக்கத்துல அப்படியே உட்கார்ந்துட்டேன். இவ்வளவு நேரம் உங்களுக்குப் பயந்துதான்ங்க உட்கார்ந்திருந்தேன்."

வெண்கலம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது சுருளின் சத்தம் நின்றது.

பஞ்சடித்த அறை. சத்தம் நின்றால் உண்மையிலேயே நின்றுவிடும் அறை அது. இரண்டு பேரும் அவன் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெஞ்சு அசையவில்லை. பிறகு எங்கிருந்தோ ஒரு மூச்சு, பாதி மூச்சு, வந்தது.

அவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

"சார், கத்தாதீங்க. எனக்கு நல்லா கேக்குது" என்றது மறுமுனையில் ஒரு பெண்குரல். ஒல்லியான, அவசரமே இல்லாத குரல். அவர் வாழ்நாளில் தன்னை யாரும் இப்படி அடக்கியதில்லை. "வண்டி கிளம்பிடுச்சு. அதுவரைக்கும் நாம பார்ப்போம். போனை ஸ்பீக்கர்ல போடுங்க. அவர் என்ன சாப்பிட்டாரு?"

"ஏதோ மாத்திரை. தெரியல. தண்ணி ஊத்தட்டுமா? நடக்க வைக்கட்டுமா?"

"ரெண்டும் வேண்டாம். சுயநினைவு இல்லாதவங்க வாயில எதை ஊத்தினாலும் மூச்சுக்குழாய்க்குப் போயிடும். நெஞ்சு ஏறி இறங்குதா?"

"எப்பவாவது ஒருதடவை."

"அது போதாது சார். மல்லாக்க வெச்சு, நெத்தியில கை வெச்சு, தாடையைத் தூக்குங்க. மூக்கை விரலால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு அவர் வாயை உங்க வாயால மூடி ஊதுங்க."

வெண்கலம் ஊதினார். ஊரைக் கூட்டுகிற அந்த நுரையீரல் முழுதும் ஒரே மூச்சில் இறங்கியது. சுருளின் வயிறு உப்பியது.

"நிதானம் சார், அது பலூன் இல்ல. நெஞ்சு லேசா ஏறினாப் போதும். ஏறுதா?"

"ஏறுது."

"விடுங்க. இறங்கட்டும். மறுபடி. நான் சொல்றப்ப மட்டும்."

அந்தச் சின்னக் குரல் சொல்லச்சொல்ல, பெரிய குரல்காரர் மண்டியிட்டு ஊதிக்கொண்டே இருந்தார். மனைவி தம்பியின் கையைப் பிடித்தபடி "ஊதுங்க, ஊதுங்க" என்று முணுமுணுத்தாள். ஊதலுக்கு நடுவில், டாக்டரம்மா கொடுத்த தாளில் இதெல்லாம் இருந்ததா என்று நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். அதில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. வெளியே வேன், தொட்டவன் மிருகம் என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. அவர் எதிர்பார்த்தது போலவே தெரு எட்டிப் பார்த்தது. உள்ளே வந்த உதவியாளர் சுருளின் வாய்மேல் காற்றுப்பையை வைத்து அமுக்கிக்கொண்டே கண்ணிமையைத் தூக்கி விளக்கடித்தார். "கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்கு. கடுமையான வலி மாத்திரை வகையா இருக்கும். அதுக்கு மாத்து மருந்து இருக்கு, வண்டியிலயே போடறோம். ஆனா கூட வேற எதையாவது கலந்திருந்தா அந்த மருந்து மட்டும் போதாது. என்னன்னு தெரிஞ்சாகணும். கூட இருந்தவங்க யார்கிட்டயாவது கேளுங்க. அவங்களும் போட்டிருந்தா, இதே மாதிரி எங்கயாவது கிடப்பாங்க."

மனைவி தம்பியோடு ஏறினாள். ஏறும்போது அவரைத் திரும்பிப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னாள். "கண்டுபிடிங்க."

வெண்கலம் பட்டறைக்குப் போன் செய்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று வைத்துவிட்டார்கள். சுருளோடு சுற்றும் இன்னொருவனைக் கூப்பிட்டார். மணி அடித்தது, துண்டிக்கப்பட்டது, பிறகு போனே அணைந்துவிட்டது. வேனைக் கிளப்பிக்கொண்டு பட்டறைத் தெருவுக்கு ஓட்டினார். அங்கே வேலைமுடிந்து நின்றிருந்த இளவட்டங்கள் வேனைக் கண்டதும் தண்ணீர் பட்ட எறும்பு மாதிரி கலைந்தார்கள். ஒரு கடையின் ஷட்டர் சரக்கென்று இறங்கியது. ஜன்னல்கள் சாத்தப்பட்டன. ஏன் ஓடுகிறார்கள் என்று அவருக்கு ஒரு கணம் புரியவில்லை.

பிறகு கூரைமேல் தன் குரல் அவருக்கே கேட்டது. காட்டிக் கொடுங்கள்.

பதிவைப் பிடுங்கினார். தெரு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அந்தத் தெருக்காரர்களுக்கே அப்போதுதான் தெரிந்தது. மைக்கைக் கையில் எடுத்தார். ஆயிரம் தடவை பேசிய மைக்.

"இது பதிவு இல்ல. நான்தான் பேசறேன். வெண்கலம்."

குரல் உடைந்தது. சரி செய்துகொள்ளவும் தோன்றவில்லை.

"என் மச்சான், பாலிஷ் பட்டறை சுருள், ஏதோ மாத்திரை போட்டு மூச்சு நின்னு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருக்கான். என்ன மாத்திரைன்னு தெரிஞ்சா பொழைக்க வழி இருக்கு. தெரியாம டாக்டருங்க தடவிட்டிருக்காங்க. தெரிஞ்சவங்க வந்து சொல்லுங்க. யார் குடுத்தா, ஏன் போட்டீங்கன்னு கேக்க மாட்டேன். யாரையும் காட்டிக் குடுக்க மாட்டேன். துரத்துவேன்னு சொன்னது நான்தான், அதை நம்பாதீங்க."

ஒரு ஜன்னல் கொஞ்சம் திறந்தது.

"இன்னொண்ணு. அவன்கூட யாராவது போட்டிருந்து, இப்ப எங்கயாவது தூங்கிட்டிருந்தா, தூங்கறான்னு விட்டுடாதீங்க. குறட்டை மாதிரி சத்தம் வரும். அது தூக்கம் இல்ல. உலுக்கிப் பாருங்க. எழலன்னா, உதடு நீலமா இருந்தா, உடனே ஆம்புலன்ஸ். வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க. நடக்க வைக்காதீங்க. நான் அதைத்தான் செய்யப் பார்த்தேன். அது தப்பு."

சங்கத் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து வேன் கதவைப் பிடித்தார். "என்னய்யா பண்றே? உன் வீட்டு மானத்தை நீயே மைக் போட்டு ஏலம் விடறியே. நிறுத்துய்யா."

"மானம் போகட்டும் தலைவரே. பையன் போகக் கூடாது."

மைக் திறந்தே இருந்தது. அதுவும் தெருமுழுக்கக் கேட்டது.

பைக் பழுதுபார்க்கும் கொட்டகைக்குள்ளிருந்து மெதுவாக ஒருவன் வந்தான். அங்கே வேலை செய்யும் ஒல்லி. நிழலை வெயிலில் காயப்போட்டது போன்ற உடம்பு. கையெல்லாம் கிரீஸ். நடை லேசாகத் தள்ளாடியது.

"அண்ணே. நாங்கதாண்ணே. அட்டை என்கிட்ட இருக்கு." இரண்டு அட்டைகளை நீட்டினான். "இது புற்றுநோய்க்காரங்களுக்கு வலிக்குக் குடுக்கறதாம். இது தூக்க மாத்திரை. சேர்த்துப் போட்டா நல்லா இருக்கும்னு குடுத்தவன் சொன்னான். சுருளு நெறைய போட்டான். நான் பாதிதான்..."

வெண்கலம் அவனைத் திட்டவில்லை. தோளைப் பிடித்து வேன் படியில் உட்காரவைத்து, மனைவிக்குப் போன் போட்டு, இரண்டு அட்டையிலும் இருந்த பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். அந்தப் பக்கம் அவள் அதை யாரிடமோ திரும்பச் சொல்வது கேட்டது. "கேட்டுக்கிட்டாங்க" என்றாள். "தூக்க மாத்திரையும் இருக்கறதால மூச்சுக்கு மெஷின் வெக்கறாங்களாம்."

"வேற யாருடா போட்டது?" என்றார் ஒல்லியிடம்.

"பேக்கரி அண்ணன். அவரும் நெறைய."

பேக்கரி எதிர்வரிசையில்தான். முதலாளியம்மா கல்லாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தும், அது தன் வீட்டு விஷயம் என்று அதுவரை நினைக்கவில்லை. "அவனா? மாவு பிசைஞ்ச அலுப்பு. கிடங்குல அசந்து தூங்கறான். குறட்டை உங்க குரலுக்கே போட்டி..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். அவள் முகம் மாவு நிறமானது. சாவியைத் தேடவில்லை, கதவை இடித்துத் திறந்தாள்.

மாவு மூட்டைகளுக்கு நடுவில் அவன் கிடந்தான். குறட்டை நின்றிருந்தது. வெண்கலம் மண்டியிட்டு, தாடையைத் தூக்கி, மூக்கைப் பிடித்து, நிதானமாக ஊதினார். முதலாளியம்மா ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். வந்த வண்டியில் ஒல்லியையும் ஏற்றிக்கொண்டார்கள். இந்த முறை யாரும் முதலில் கதவைச் சாத்தவில்லை.

மூன்று பேரும் பிழைத்தார்கள். சுருளுக்குத்தான் தாமதமானது. கண் விழித்தபோது, அவன் கட்டிலருகே வெண்கலம் உட்கார்ந்திருந்தார். ஊதி ஊதி உதடு வீங்கி, பேச்சு காற்றாக வந்துகொண்டிருந்தது.

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

சுருள் கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "முதுகு வலிக்குன்னு ஒருத்தன் குடுத்தான் மாமா. ஒண்ணு போட்டாலே பைத்தியம்னு நீங்க சொல்லியிருந்தீங்க. பயந்துக்கிட்டேதான் போட்டேன். பைத்தியம் பிடிக்கல. மூளை சுக்குநூறாகல. முதுகு வலிதான் போச்சு. மாமா அளக்கறது பூரா புளுகுன்னு முடிவு பண்ணிட்டேன். அப்புறம் அது இல்லாம வேலை செய்ய முடியல. விட்டுடணும்னு தோணினப்ப உங்ககிட்ட வரலாம்னு பார்த்தேன். நான் மிருகம்னு வேன் சொல்லிட்டுப் போச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "ரெண்டையும் சேர்த்தா மூச்சு நிக்கும்னு மட்டும் நீங்க சொல்லவே இல்லையே மாமா."

அக்கா அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கணவன் பக்கம் திரும்பவில்லை. திரும்ப வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

டாக்டரம்மாவிடம் போய் இன்னொரு பிரதி எழுதி வாங்கி, வெண்கலம் அதை அப்படியே பதிவு செய்தார். எதிரொலி இல்லை, இடி இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பேசுவது போன்ற குரல். வேன் கிளம்பிய முதல் நாளே தலைவர் வழிமறித்தார்.

"பழசுதான்யா நல்லா இருந்துச்சு. கேட்டா குலை நடுங்கும். இதுல பயமே இல்லையே."

"நடுங்கினவங்க எல்லாம் அன்னைக்குக் கதவைச் சாத்திக்கிட்டாங்க தலைவரே, என்னையும் என் பொண்டாட்டியையும் சேர்த்து" என்றார் வெண்கலம். "பயமுறுத்தி ஒருத்தனையும் போதையில இருந்து நான் மீட்கல. ஒளியத்தான் வெச்சேன். அது என்ன செய்யும், எது ஆபத்து, ஆபத்துன்னா என்ன செய்யணும், விடணும்னா யார்கிட்ட போகணும். இதை உள்ளது உள்ளபடி சொன்னாத்தான் ஜனங்க நம்புவாங்க. போதையைப் பத்தி ஒண்ணை நூறாக்கிச் சொன்னா, அந்த ஒண்ணையும் சேர்த்துப் புளுகுன்னு தள்ளிடுவாங்க. தள்ளினவன் உசுருதான் போகும். நமக்கென்ன, கைதட்டு வாங்கிட்டுப் போயிடுவோம்."

தலைவர் தெருவின் இந்தக் கோடியைப் பார்த்தார், அந்தக் கோடியைப் பார்த்தார். வேனின் ஜன்னலுக்குள் தலையை நுழைத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"விட நெனைக்கறவங்க எங்க போகணும்னு கடைசியில ஒரு இடம் வருதே. அதை இன்னொரு தடவை சொல்லுய்யா. எங்க பையனைக் கூட்டிட்டுப் போகணும்."

வெண்கலம் ஏன், எப்போதிருந்து என்று எதுவும் கேட்கவில்லை. கைநீட்டி அடுத்த பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறுங்க தலைவரே. வீட்டுக்குப் போய்ப் பையனையும் ஏத்திக்கிட்டு, சேர்ந்தே போவோம்."